கடல் கடந்து ஒரு பிள்ளை: தத்தெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(குழந்தைப் பேற்றுக்காகச் சிகிச்சை பெற்றுவரும் தம்பதியருக்காகச் சுபாங் ஜெயாவில் நடந்த சந்திப்பில், குடும்பநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வேலை முடிந்து, பெடரல் நெடுஞ்சாலை நெரிசலையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். கணவனும் மனைவியுமாக வந்தவர்கள் இருக்கிறீர்கள். தனியாக வந்தவர்களும், மகளுக்காகவோ மருமகளுக்காகவோ விவரம் கேட்டுப் போக வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். இங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள்.

சிகிச்சை பலன் தராதபோது இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா, எப்படி எடுப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் சொல்லப்போவதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: முதலில் மனம், அடுத்து சட்டம், அதன் பிறகே குழந்தை. இந்த வரிசை மாறினால் துன்பப்படப்போவது நீங்கள் மட்டுமல்ல. ஒன்றும் அறியாத அந்தக் குழந்தையும்தான்.

புரிந்துகொள்ள வசதியாக ஒரு தம்பதியை மனத்தில் வைத்துக்கொள்வோம். இவர்கள் எடுத்துக்காட்டுக்காக நான் உருவாக்கியவர்கள். யூஎஸ்ஜே-யில் வசிக்கிறார்கள். கணவருக்கு 41 வயது, மனைவிக்கு 38. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். மூன்று முறை ஐவிஎஃப் செய்தும் கரு தங்கவில்லை.

முதலில் மனம்

உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, பெரியவர்களில் 17.5 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார்கள். தடுப்பு முறை எதுவும் இல்லாமல் 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்கிறோம். காரணம் மனைவியிடம் இருக்கலாம், கணவரிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், யாரிடமும் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். "மலடி" என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் இடமில்லை. வீட்டிலும் இடம் தராதீர்கள்.

இன்னும் பரிசோதனையே செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவரும் சேர்ந்தே போங்கள். விந்துப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. கணவர் அதற்குத் தயங்குவதால் மனைவி பல ஆண்டுகள் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாகும் நிலை வரக்கூடாது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தையின்மைக்கான ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது.

நம் தம்பதிக்கு வருவோம். மூன்றாவது முறையும் ஐவிஎஃப் பலிக்காத அந்த வாரத்திலேயே, "சரி, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துவிடலாம்" என்று உறவினர் சொல்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த வாரம் அதற்கு ஏற்ற நேரமல்ல. பிறக்காத பிள்ளைக்காக அழுவதும் துக்கம்தான். அந்தத் துக்கத்துக்குக் கருமாதி கிடையாது, ஆறுதல் சொல்ல வருவோரும் கிடையாது. அதனால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை ஆற்றாமல் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தால், வராத பிள்ளையோடு வந்த பிள்ளையை ஒப்பிடத் தொடங்கிவிடுவோம்.

ஆகவே சிகிச்சையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறுத்துவதென்றால் சில மாதங்கள் இடைவெளி விடுங்கள். பிறகு இருவரும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: எனக்கு ஏன் குழந்தை வேண்டும்? எந்த வயதுக் குழந்தையை என்னால் ஏற்க முடியும்? நிறம், உடற்குறை, பெற்றோர் யாரென்று தெரியாத பின்னணி இவற்றில் எதை ஏற்பேன், எதை ஏற்கமாட்டேன்? எழுதியதை மாற்றிப் படியுங்கள். ஒருவர் "வேண்டும்" என்றும் மற்றவர் "அவருக்காகச் சரி" என்றும் எழுதியிருந்தால் இன்னும் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள்.

நமக்கு இது புதிதல்ல

வேறு மண்ணில், வேறு இனத்தில் பிறந்த குழந்தையை நம் மக்கள் வளர்ப்பார்களா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். மலாயாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் சீனக் குடும்பத்தில் பிறந்து தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். வறுமை, போர்க்காலம், வீட்டில் ஏற்கெனவே பல பெண் குழந்தைகள், ஜாதகம் சரியில்லை என்ற அச்சம் என்று பல காரணங்களால் அவர்கள் கைமாறினார்கள். தமிழ் பேசி, சேலை கட்டி, பொங்கல் வைத்து, இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு பாட்டியோ அத்தையோ இருந்திருக்கலாம்.

அன்பில் அந்தக் காலத்தவர் குறை வைக்கவில்லை. குறை இருந்தது காகிதத்தில்தான். வாய்ப்பேச்சிலேயே பல குழந்தைகள் கைமாறின. அடையாள அட்டை எடுக்கப் போகும்போதும் சொத்துப் பிரிக்கும்போதும்தான் சிக்கல் தெரிந்தது. இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடோ, எந்த ஆவணமும் இல்லாமலோ வாழும் இந்தியர்களில் முறையாகப் பதிவு செய்யப்படாத வளர்ப்புப் பிள்ளைகளும் உண்டு. அன்று அறியாமல் நடந்தது. இன்று தெரிந்தே அதைச் செய்யக்கூடாது.

நம் நாட்டுச் சட்டம்

வெளிநாட்டுக்குப் போகும் முன் உள்நாட்டுக் கதவைத் தட்டுங்கள். சுபாங் ஜெயா பெட்டாலிங் மாவட்டத்தில் இருப்பதால், அந்த மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல் குழந்தைத் தொட்டில் மையம் தொடங்கிய ஓர்பன்கேர் அறநிறுவனமும், வளர்க்க இயலாத தாய்மாருக்கும் தத்தெடுக்க விரும்புவோருக்கும் இடையே முறைப்படி உதவிவருகிறது. காத்திருப்போர் அதிகம், குழந்தைகள் குறைவு என்பது உண்மை. ஆனாலும் பெயரைப் பதிந்து வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

தீபகற்ப மலேசியாவில் இரண்டு சட்டங்கள் உள்ளன. இரண்டுமே 1952-இல் வந்தவை.

ஒன்று, தத்தெடுப்புச் சட்டம், எண் 257. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. நீதிமன்றம் வழியாக நடக்கும். குழந்தை தொடர்ந்து குறைந்தது மூன்று மாதம் உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூக நல இலாகாவுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். குழந்தையின் நலனைப் பார்க்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். ஆணை கிடைத்த பிறகு அந்தப் பிள்ளை நீங்கள் பெற்ற பிள்ளைக்குச் சமம்; உயில் இல்லாவிட்டாலும் சொத்தில் பங்கு உண்டு.

மற்றொன்று, தத்தெடுப்புப் பதிவுச் சட்டம், எண் 253. இது எல்லா மதத்தவருக்கும் பொது. தேசியப் பதிவு இலாகா வழியாக நடக்கும். குழந்தை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். முறை எளிது. ஆனால் இதனால் மட்டும் பிள்ளைக்கு வாரிசுரிமை வந்துவிடாது. வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

2001-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தையும் மறக்கக்கூடாது. யாருடைய குழந்தையையாவது உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். பணம் கொடுத்துக் குழந்தையை வாங்குவதும் விற்பதும் அதே சட்டத்தின்படி குற்றம். "ஆஸ்பத்திரியிலேயே உங்கள் பெயரில் பிறப்புப் பத்திரம் எடுத்துத் தருகிறேன், நீங்களே பெற்றதாகப் பதிந்துவிடலாம்" என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். பொய்த் தகவலில் எடுத்த பிறப்புப் பத்திரம் என்றாவது ஒருநாள் செல்லாமல் போகும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதோ பதினைந்து வயதோ இருக்கும்.

இந்தியாவிலிருந்து எடுப்பதென்றால்

நம் தம்பதி உள்நாட்டில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உறவு இருக்கிறது. "ஊரில் ஓர் ஆசிரமத்தில் சொல்லி வைத்தால் கொடுத்துவிடுவார்கள்" என்று சித்தப்பா சொல்கிறார். இன்று அப்படி முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளும் நடைமுறையில் உள்ளன. எல்லாமே மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையப் பதிவு வழியாகத்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் நேரடியாக இல்லத்துக்குப் போய்க் குழந்தையைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் உங்கள் வீட்டுச் சூழல், வருமானம், உடல்நலம், மணவாழ்க்கை பற்றிய ஆய்வறிக்கை தயாராக வேண்டும். பிறகு காத்திருப்பு. முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும், பின்னணி அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் வரும். நீங்கள் சம்மதித்த பின் காராவின் தடையில்லாச் சான்று, அதன் பின் மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை. 2021 திருத்தத்துக்கு முன் நீதிமன்றம் செய்த வேலையை இப்போது ஆட்சியர் செய்கிறார். குழந்தை வந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு அதன் நலம் பற்றிய அறிக்கை அனுப்ப வேண்டும்.

வயதுக் கணக்கையும் பாருங்கள். கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்ட வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக்கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90. நான்கிலிருந்து எட்டு வயது வரை 100. நம் தம்பதியின் கூட்டுத்தொகை இன்று 79. ஆண்டுக்கு இரண்டு கூடும். பதிவு செய்யாமல் இன்னும் நான்கு ஆண்டு யோசித்துக்கொண்டே இருந்தால் 87 ஆகிவிடும். கைக்குழந்தைக்கு விண்ணப்பிக்க முடியாது. மனத்தை ஆற அவகாசம் கொடுங்கள் என்றேன். ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது வேறு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் நடந்த 4,515 தத்தெடுப்புகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை. இந்தியாவில் வசிப்போர், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள், ஓசிஐ அட்டை வைத்திருப்போர் ஆகியோருக்கே முன்னுரிமை. அதன் பிறகுதான் மற்ற வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் சற்று வளர்ந்த குழந்தைகள், உடன்பிறப்போடு சேர்த்து எடுக்க வேண்டிய குழந்தைகள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள்தான் கிடைப்பார்கள். உங்களிடம் ஓசிஐ அட்டை இருக்கிறதா என்பது இங்கே பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும்.

அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ எடுப்பதானாலும் சட்டம் விட்டுவைக்கவில்லை. உறவுக்குள் நடக்கும் நாடுகடந்த தத்தெடுப்புக்கும் ஆணையும் காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும். சுற்றுலா விசாவில் பிள்ளையைக் கூட்டி வந்து இங்கேயே வைத்துக்கொள்வது தத்து ஆகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

நியாயமான கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து குழந்தைகளைத் திருடி, ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்ற கும்பல் 2005-இல் பிடிபட்டது. அந்தக் குழந்தைகளில் சிலர் அதற்குள் பொய் ஆவணங்களோடு வெளிநாடுகளில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். எடுத்தவர்கள் நல்லவர்கள், நம்பித்தான் எடுத்தார்கள். ஆனால் இங்கே ஒரு தாய் பல ஆண்டுகள் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

இலங்கையிலும் 1980-களில் 'குழந்தைப் பண்ணை' என்று சொல்லும் அளவுக்கு இது வியாபாரமானது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். 1992-இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுத் தத்தெடுப்பை இலங்கை கட்டுப்படுத்தியது. அப்படிப் போனவர்கள் பெரியவர்களாகி, பெற்ற தாயைத் தேடி வந்தபோது ஆவணத்தில் இருந்த பெயரே பொய் என்று கண்டார்கள். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு இந்த முறைகேடுகளை வெளியிட்டதும், அந்நாட்டு அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அப்போது நிறுத்திவைத்தது.

இத்தகைய முறைகேடுகளைத் தடுக்கவே 1993-இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. பெற்ற குடும்பத்தில் வளர முடியுமா, சொந்த நாட்டிலேயே வேறு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே வெளிநாடு என்பது அதன் அடிப்படை. இந்தியாவும் இலங்கையும் அதில் இணைந்துள்ளன. மலேசியா இணையவில்லை. அதனால் நமக்கு ஆவண வேலை கூடுதல். எந்த அலுவலகம் உங்கள் ஆய்வறிக்கையைத் தரும், அதை இந்தியத் தரப்பு ஏற்குமா என்பதைக் காராவிடமும் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்திடமும் எழுத்துமூலம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

குடியுரிமையைக் கடைசிக்கு விடாதீர்கள்

பலர் இடறும் இடம் இதுதான். இந்தியாவில் ஆணை வாங்கிவிட்டால் பிள்ளை தானாகவே மலேசியக் குடிமகன் ஆகிவிடுவதில்லை. இங்குள்ள நீதிமன்றம் தத்து ஆணை தந்தாலும் குடியுரிமை தானாக வருவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. அதுவரை பிள்ளை வெளிநாட்டுக் குடிமகனாகவே இங்கே தங்கும். பள்ளிச் சேர்க்கை, மருத்துவக் கட்டணம், பயணம் எல்லாவற்றிலும் அது தெரியும்.

எனவே விமான டிக்கெட் எடுக்கும் முன் மூன்று இடங்களில் கேளுங்கள். குடிநுழைவு இலாகாவில், குழந்தை எந்த அனுமதியில் நுழையும், எப்படிப் புதுப்பிப்பது என்று கேளுங்கள். தேசியப் பதிவு இலாகாவில், குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். சமூக நல இலாகாவில், இங்கே எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம் என்று கேளுங்கள். பிள்ளை சிறியதாக இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். 18 வயது நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தை வந்த பிறகு

வந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசிப் பதிவு எதுவாக இருந்தாலும் கொண்டுபோங்கள். விடுபட்டதை அவர்கள் பார்த்துப் போடுவார்கள். ரத்தசோகை, தலசீமியா, கல்லீரல் அழற்சி பி, பார்வை, செவித்திறன், வளர்ச்சி எல்லாவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் வழி நோய் விவரம் தெரியாத பிள்ளைக்கு இது மிகவும் தேவை.

இல்லத்தில் வளர்ந்த குழந்தை முதலில் உங்களிடம் ஒட்டாமல் இருக்கலாம். யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், உணவை ஒளித்து வைக்கலாம், இரவில் அலறலாம். அது குணக்கேடல்ல, பலர் கைமாறிய குழந்தையின் பயம். முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். தாத்தா பாட்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். எடுத்து வளர்க்கும் தாய்க்கும் மனச்சோர்வு வருவதுண்டு. "ஆசைப்பட்டுத்தானே எடுத்தாய்" என்று சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள்

"எப்போது சொல்வது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள். புரியாத வயதிலேயே தூங்கவைக்கும் கதையாகச் சொல்லத் தொடங்குங்கள்: "நீ ஒரு அம்மா வயிற்றில் பிறந்தாய். உன்னைக் கூட்டி வர நாங்கள் விமானத்தில் வந்தோம்." இப்படிக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது அதிர்ச்சியாகவே இருக்காது. மறைத்தால், கல்யாண வீட்டில் ஏதோ ஒரு மாமி வாயிலிருந்து பதினான்கு வயதில் தெரியவரும். உடைவது உங்கள்மீது அது வைத்த நம்பிக்கை.

நம் வீடுகளில் குழந்தைகளைச் சீண்ட ஒரு பேச்சு உண்டு: "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்." பெற்ற பிள்ளை அதைக் கேட்டுச் சிரிக்கும். எடுத்து வளர்த்த பிள்ளை சிரிக்காது. உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளையின் படம், ஆணை, பிறந்த ஊர், இல்லத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். ஒருநாள் அது கேட்கும். அந்தக் கோப்பு அதன் சொத்து.

தைப்பூசத்தன்று பத்துமலையில் கரும்புத் தொட்டில் சுமந்து படியேறும் தம்பதியரைப் பார்த்திருப்பீர்கள். தத்தெடுத்த பிள்ளைக்கும் அப்படித் தொட்டில் கட்டலாம், தயங்காதீர்கள். கேட்டு வந்த பிள்ளைதான் அதுவும்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

சிகிச்சையைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து பேசுங்கள். அந்தத் தாளை எழுதுங்கள். பெட்டாலிங் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். வெளிநாடு என்று முடிவானால், பணம் எதையும் யாரிடமும் கொடுக்கும் முன் மேலே சொன்ன அலுவலகங்களில் எழுத்துமூலம் பதில் வாங்குங்கள். குழந்தை விற்பனை என்று சந்தேகம் வந்தாலோ, மனம் மிகவும் உடைந்திருந்தாலோ 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழையுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகு, "எங்களுக்குத் தத்து வேண்டாம், நாங்கள் இருவரே போதும்" என்று முடிவெடுப்பவர்களும் இருப்பீர்கள். அதுவும் முழுமையான குடும்பம்தான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.